வா, பா, கம் – மணி படித்த பள்ளிக்கூடம்

மாதேஸ்வரன் மலைக்குப் போய் வருகிறவர்கள் விபூதிப் பிரசாதம் கொண்டுவருவார்கள். நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தேன். மலைப்பாதை தொடங்கும் தாளபெட்டாவில் டீக்கடை வைத்திருக்கும் நம் தமிழ்க் குடும்பம் ஒன்று, கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து ஐந்து குட்டிகளைக் காத்து வந்தது. "ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்கய்யா, ராத்திரியில சிறுத்தை வருது, ஒண்ணும் மிஞ்சாது" என்றார் அந்த அம்மாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் பேரன் ஒரு செவலைக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுவிட்டான். மைசூர் வந்து சேரும்வரை அது அவன் மடியிலேயே தூங்கியது. மணி என்று பெயர் வைத்தோம்.

ஓராண்டில் மணி வளர்ந்தான். புத்தி வளரவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். கேட் திறந்தால் ஓட்டம். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு நாள் பால்காரரின் சைக்கிளுக்குக் குறுக்கே பாய்ந்து இரண்டு கேன் பாலையும் அவருடைய முழங்கையையும் சேதப்படுத்தினான். இன்னொரு நாள் ஸ்கூட்டர் இடித்துப் பின்கால் வீங்கியது. அண்டை வீட்டார் முறையிட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. "அப்பா, இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம். சரிப்படலைன்னா எடுத்த இடத்துலயே கொண்டுபோய் விட்டுடலாம்" என்றான் என் மகன். எடுத்த இடத்தில் என்ன காத்திருக்கிறது என்பது பேரனுக்குத் தெரியும். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், ராணுவ நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தடைகளைத் தாண்டுவது, குழாய்க்குள் நுழைந்து வெளிவருவது, கூரைபோல் சாய்த்த பலகையில் ஏறி இறங்குவது, நட்டுவைத்த கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுவது ஆகியவைதான் பாடம். அஜிலிட்டி என்கிறார்கள். 1978-ல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையைப் போக்க, குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து அமைத்த வேடிக்கை இது. பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போய் இன்று உலகெங்கும் போட்டியாகிவிட்டது. போட்டியில் நாய்க்குக் கயிறு கிடையாது. எஜமானர் நாயையும் தொடக்கூடாது, தடையையும் தொடக்கூடாது, கையில் தின்பண்டமும் கூடாது. குரலும் கை அசைவும்தான்.

"சேட்டை அதிகம், முதலில் தாண்டக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். ஹவில்தார் மணியைப் பார்க்கவே இல்லை. "இவனைக் கூப்பிடுங்கள்" என்றார். நான் "வா" என்றேன். கன்னடப் பள்ளியில் படித்து வளர்ந்த என் மருமகள் "பா" என்றாள். பேரன் "கம்" என்றான். மணி மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டான். ஹவில்தார் வாய்விட்டுச் சிரித்தார். "நாய்க்குப் புத்தி இல்லை என்றா சொன்னீர்கள்? ஒரு வேலைக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும். எந்த மொழி என்று முடிவு செய்துகொண்டு அடுத்த வாரம் வாருங்கள்."

முப்பத்தாறு ஆண்டு ரயில்வேயில் இருந்தவன் நான். ஒரு சிக்னலுக்கு இரண்டு பொருள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் என் வீட்டில் ஓராண்டாக மூன்று சிக்னல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மொழியை முடிவு செய்தவன் பேரன். அவனுக்குப் பதினோரு வயது. தமிழ் புரியும், நான் தமிழில் கேட்டால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பதில் வரும். நம்மில் பலர் வீட்டிலும் இதுதானே நடக்கிறது! "மணியோட அம்மா தமிழ் வீட்டு நாய், அதனால அவன் மதர் டங் தமிழ்" என்று அவன் தீர்ப்புச் சொன்னான். வா, உட்கார், ஏறு, தொடு, விடு என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை. நிற்பதற்கு மட்டும் தகராறே வரவில்லை. தமிழில் நில், கன்னடத்தில் நில்லு.

பிறகு பாடம் வேகமாகப் போயிற்று. துணிக்குழாயை முதலில் ஒரு முழத்துக்குச் சுருக்கி, மறுமுனையில் பேரன் உட்கார்ந்து கூப்பிட, நாளுக்கு நாள் நீட்டினோம். தாண்டும் கம்பைத் தரையை ஒட்டியே வைத்தார் ஹவில்தார். எலும்பு முற்றாத நாயை உயரம் தாண்டவிட்டால் மூட்டு கெடும். அதனால்தான் போட்டிகளில் பதினெட்டு மாதம் நிறையாத நாயைச் சேர்ப்பதில்லை. சரியாகச் செய்த அந்தக் கணமே பாராட்ட வேண்டும். ஐந்து விநாடி கழித்துக் கொடுக்கும் பிஸ்கட் வேறு எதற்கோ கொடுத்ததாகிவிடும். ஐந்து நிமிடப் பயிற்சி போதும். அடி, அதட்டல் அறவே கூடாது.

மணி மாட்டிக்கொண்ட இடம் சீசா. காலுக்கடியில் பலகை திடீரென்று சாய்வதும், மறுமுனை தரையில் மோதி "டப்" என்று ஒலிப்பதும் அவனுக்கு ஆகவில்லை. முதல் நாள் நான் பொறுமையிழந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டேன். பாதியில் குதித்து ஓடியவன் பிறகு மூன்று வாரம் அந்தப் பலகை இருக்கும் பக்கமே வரவில்லை. இது என் தவறு. ஹவில்தார் எதுவும் சொல்லாதது இன்னும் வலித்தது.

வீட்டுக் கொல்லையில் நானே ஒன்று செய்தேன். சர்வதேச விதிப்படி பலகை 3.6 மீட்டருக்குக் குறையாத நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், நடுத்தாங்கி 60 சென்டிமீட்டர் உயரம். இறங்கும் முனையில் 90 சென்டிமீட்டர் வேறு நிறம் பூசியிருக்கும். அதில் கால் படாமல் குதித்தால் பிழை. அந்தப் பகுதியின் நடுவில் ஒரு கிலோ எடையை வைத்தால் பலகை இரண்டு மூன்று விநாடிக்குள் சாய்ந்து தரையைத் தொட வேண்டுமாம். எவ்வளவு அழகான சோதனை! பழைய பேரிங் இரண்டைப் பொருத்தி, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த என்னை மருமகள் விநோதமாகப் பார்த்தாள். ஆனால் மணிக்கு அந்த உயரம் கொடுக்கவில்லை. முதலில் வெறும் பலகையைத் தரையில் போட்டோம். பிறகு நடுவில் ஒரு செங்கல். சத்தம் வராமலிருக்க முனைக்குக் கீழே பழைய மெத்தை. செங்கல் இரண்டு, மூன்று... ஆறு வாரம் ஆயிற்று முழு உயரத்துக்கு வர. சாய்கிற பலகையில் அவன் ஒரு கணம் நின்று, எடை மாறும்வரை காத்து, மெல்ல இறங்கியதைப் பார்த்தபோது பேரன் "தாத்தா, அவன் தொட்டுட்டான்!" என்று கத்தினான். அவன் என்னிடம் யோசிக்காமல் பேசிய தமிழ் வாக்கியம் அது.

இந்தப் பயிற்சி வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். காவல் நாய்களும் வன இலாகா நாய்களும் தடை தாண்டப் படிக்கின்றன. 2008-ல் டிராஃபிக் அமைப்பும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியாவும் தொடங்கிய திட்டத்தில், இளம் நாய்களும் அவற்றைக் கையாளும் வனக் காவலர்களும் சேர்ந்தே பல மாதம் பயிற்சி பெறுகிறார்கள். புலித்தோல், எலும்பு, தந்தம் இவற்றை மோப்பம் பிடிக்கிறார்கள். நம் பக்கத்தில் பண்டிப்பூர் ராணாவை மறக்க முடியுமா? 2019 அக்டோபரில் குண்டலுப்பேட்டைப் பக்கம் இரண்டு பேரைக் கொன்ற புலியைத் தேடியபோது அந்த ஜெர்மன் ஷெப்பர்டும் களத்தில் இருந்தது. மாதேஸ்வரன் மலைக் காட்டுக்கும் காவல் தேவைதான். 2025 ஜூனில் அங்கே ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷத்துக்குப் பலியானதைப் பத்திரிகையில் படித்து மனம் நொந்தோம்.

சென்ற ஆண்டு மறுபடி மலைக்குப் புறப்பட்டோம். டீக்கடை அம்மாளுக்குக் காட்டலாம் என்று மணியையும் கூட்டிச் சென்றோம். 2013 முதல் அது வனவிலங்குச் சரணாலயம். டிஸ்டெம்பர் போன்ற நாய் நோய்கள் புலி, சிறுத்தைக்கும் தொற்றும். ஆகவே தடுப்பூசி போட்டிருந்தும் மணியை மலைமேல் கொண்டுபோகவில்லை. மகனும் மருமகளும் தரிசனத்துக்குப் போக, பேரனும் நானும் தாளபெட்டாவில் தங்கினோம்.

கயிற்றின் கொக்கி தேய்ந்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். எதிர்ப்புறம் ஒரு செவலை நாய் எழுந்து நின்றதும் மணி பாய்ந்தான், கொக்கி கழன்றது. மலையிலிருந்து இறங்கிய பேருந்து வளைவில் திரும்பியது. எனக்குக் குரலே எழும்பவில்லை.

"நில்!"

பேரனின் குரல். மணி தார் ரோட்டின் விளிம்பில் முன்னங்கால் தூக்கியபடி நின்றான், சீசா பலகையில் நிற்பதைப் போலவே. பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு போனது. "வா" என்றான் பேரன், நடுங்கும் குரலில். மணி திரும்பி வந்தான்.

டீக்கடை அம்மாள் காசு வாங்கவில்லை. அந்தச் செவலை மணியின் தாய்தானாம். பேருந்து போன பிறகு, புதுக் கயிறு வாங்கிக் கட்டி, இரண்டையும் சந்திக்கவிட்டோம். தாய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

இப்போது கொல்லையில் பன்னிரண்டு பி.வி.சி. குழாய்கள் நட்டிருக்கிறோம், 60 சென்டிமீட்டர் இடைவெளியில். முதல் குழாயை நாய் தன் இடத்தோள் பக்கம் விட்டு நுழைய வேண்டும் என்பது விதி. மணி நாலாவது குழாயில் வெளியே வந்துவிடுகிறான். அதற்கு என்ன தமிழ்ச் சொல் சொல்லலாம் என்று பேரன் இரண்டு நாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறான்.