போர்ட்டலில் சரிசெய்தால் முடிந்துவிடாது, வே பில் தளத்தையும் பாருங்கள்

வியாபாரிகள் ரிட்டர்ன் பாக்கியை வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்த்துக் கட்டி முடித்திருப்பார்கள். ஆனாலும் இ-வே பில் போட உட்கார்ந்தால் ஜி.எஸ்.டி எண் முடக்கத்திலேயே இருக்கும். லோடு ஏற்றிய லாரி பேட்டையில் நிற்கும். "நாளைக்குத் தானா சரியாயிடும்" என்று ஆடிட்டர் ஆபீஸில் சொல்லிவிடுவார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் புக்கிங் ஆபீஸ்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வருகிறது, ஏனென்றால் இது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை.

ஜி.எஸ்.டி போர்ட்டல் வேறு, இ-வே பில் தளம் வேறு. உங்கள் பெயர், முகவரி, ரிட்டர்ன் நிலவரம் ஆகியவற்றின் நகல் ஒன்றை வே பில் தளம் தன்னிடம் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே பதில் சொல்கிறது. கம்ப்யூட்டர்காரர்கள் இதைக் கேச் என்பார்கள். உங்கள் கடை பில்லிங் மென்பொருளில் இருக்கும் பார்ட்டி விவரம் மூன்றாவது நகல். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் அந்த நொடியே மாறிவிடாது.

தொடர்ந்து இரண்டு வரிக்காலத்துக்கு 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவர்களின் வே பில் வசதியை முடக்கும் முறை 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. விதி எண் 138இ. தாக்கல் செய்த மறுநாள் முடக்கம் தானாக நீங்க வேண்டும். நீங்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். இ-வே பில் தளத்தின் முகப்பில் 'சர்ச்' பட்டியலைத் திறந்தால் 'அப்டேட் பிளாக் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். அதில் 15 இலக்க ஜி.எஸ்.டி எண்ணையும் கேப்சாவையும் போட்டு 'கோ' அழுத்துங்கள். முடக்கம் என்று காட்டினால், ஜி.எஸ்.டி பொதுப் போர்ட்டலிலிருந்து நிலவரத்தை எடுத்துப் புதுப்பிக்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. அதை அழுத்த வேண்டும். பலர் முடக்கம் என்ற எழுத்தைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், அழுத்துங்கள். அப்படியும் மாறாவிட்டால் 1800-103-4786 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்து டிக்கெட் எண்ணை எழுதி வையுங்கள். திரையைப் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடோன் மாறி, பதிவில் முகவரியைத் திருத்தியவர்களுக்கும் இதே சிக்கல்தான். வே பில் தளத்தில் லாகின் செய்தபின், பொதுப் போர்ட்டலிலிருந்து விவரத்தைப் புதுப்பிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பில்லிங் மென்பொருளில் இருப்பதைக் கையால்தான் மாற்றியாக வேண்டும்.

பாக்கி ரிட்டர்னை உடனே கட்ட உண்மையிலேயே வழியில்லாதவர்களுக்கும் ஒரு கதவு இருக்கிறது. ஜி.எஸ்.டி போர்ட்டலில் 'மை அப்ளிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் ஈ.டபிள்யூ.பி-05 படிவத்தில் காரணம் எழுதி, ஆதாரம் இணைத்து விண்ணப்பிக்கலாம். அது உங்கள் எல்லைக்குட்பட்ட அதிகாரிக்குப் போகும். மாநில வணிகவரி அலுவலகமா, மத்திய ஜி.எஸ்.டியா என்பது பதிவுச் சான்றிதழிலேயே இருக்கும். தெரியாமல் இரண்டு இடத்துக்கும் அலையாதீர்கள். அதிகாரி ஈ.டபிள்யூ.பி-06 படிவத்தில் உத்தரவு தர வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் நிராகரிக்க அவருக்கு அதிகாரமில்லை. "சிஸ்டம் எடுக்கலை, அப்புறம் வாங்க" என்பது உத்தரவு ஆகாது. எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, வாங்குபவரின் எண் முடங்கியிருக்கிறது என்று லோடை மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு, முடங்கியவர் சரக்கை அனுப்புவதற்குத்தான் தடை. அவருக்கு நீங்கள் அனுப்பலாம்.

அவசரத்தில் செய்யக் கூடாததைச் செய்யாதீர்கள். தெரிந்தவர் எண்ணில் பில் போடுவது, வே பில் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் தொப்பூர் தாண்டிவிடலாம் என்று வண்டியைக் கிளப்புவது, இரண்டும் வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் ஜி.எஸ்.டி சட்டத்தின் 129-ஆம் பிரிவின் அபராதம் வரியைப் போல் இரு மடங்கு. 5 லட்ச ரூபாய்க்கு இரும்பு ஏற்றியிருந்தால் 18 சதவீத வரி 90,000, அபராதம் 1,80,000. உரிமையாளரே முன்வந்து கட்டும்போது உள்ள கணக்கு இது. வராவிட்டால் இன்னும் கூடும்.

ஆனால் பழைய நகலால் பெயரில் ஓர் எழுத்து, பின்கோடு, பெறுபவர் முகவரியில் சிறு பிழை என்று மட்டும் வந்திருந்தால் அந்த இரு மடங்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். பில்லும் வே பில்லும் கையில் இருந்து, ஜி.எஸ்.டி எண் சரியாக இருந்தால், 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64-ஆம் ஜி.எஸ்.டி சுற்றறிக்கைப்படி மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500, மொத்தம் 1,000 ரூபாய்தான். அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து டிரைவரின் பேப்பர் கவரில் வையுங்கள். வண்டியை 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் ஈ.டபிள்யூ.பி-04 படிவத்தில் பதியவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். பிடித்து வைத்தால் அதிகாரி 7 நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். வாங்கும் ஒவ்வொரு காகிதத்திலும் தேதியைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.