சொம்பைத் தொடுவது எந்தக் கை?

முதியோர் பராமரிப்பில் கைச் சுத்தம் பற்றி எழுதுங்கள் என்றால், நகரத்து இல்லங்களும் சீருடைச் செவிலியர்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஜவ்வாது மலையில் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவருக்கு அவர் வீடே இல்லம். மகளோ மருமகளோதான் செவிலியர். மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும், அதில் ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்க வசதி வேண்டும் என்கிறது முதியோர் பராமரிப்புக்கான 2007-ம் ஆண்டுச் சட்டம். அப்படி ஒன்று வந்தாலும், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள குக்கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பாட்டி, சாமைக் கொல்லையையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு அங்கே போய்ப் படுப்பாரா? ஆகவே தொற்றுத் தடுப்பை அந்த வீட்டுக்குள் போய்த்தான் பேச வேண்டும்.

கை கழுவினால் உயிர் பிழைக்கும் என்பது 1847-லேயே தெளிவாகிவிட்டது. வியன்னாவின் பிரசவ வார்டில் மருத்துவர்கள் கையைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கழுவ வேண்டும் என்றார் அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வெய்ஸ். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் சாவு, ஜூனில் இரண்டாக இறங்கியது. எந்தெந்த நேரத்தில் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐந்து தருணங்களைச் சொன்னது. எல்லாம் சரி. தண்ணீரை யார் ஊற்றுவது?

என் கவலை அங்கேதான் நிற்கிறது. மாமியாருக்கு மலம் துடைத்துவிட்டு எழுகிறாள் மருமகள். கணவன் கீழே வேலைக்குப் போயிருக்கிறான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மூலையில் குடம், அதன் மேல் சொம்பு. ஊற்ற ஆளில்லை. அதே கையால் சொம்பை எடுத்துக் குடத்துக்குள் விட்டு மொள்கிறாள். கை சுத்தமாகிறது, சொம்பின் விளிம்பிலும் குடத்துத் தண்ணீரிலும் கிருமி ஏறிவிடுகிறது. பிறகு அதே தண்ணீரில் கஞ்சி கரைக்கிறாள், சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதே சொம்பைத் தொட்ட கையால் பையையும் திறந்து காலி செய்கிறாள். அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஒற்றை ஆளாக நின்று கை கழுவ அந்த வீட்டில் வழியில்லை, அவ்வளவுதான்.

சானிடைசர் போதாதா? கண்ணுக்குத் தெரியும் அழுக்கு ஒட்டிய கையில் அது சரிவர வேலை செய்யாது; பேதியைப் பரப்பும் சில கிருமிகள் அதற்கு மசிவதே இல்லை. கையுறை போட்டாலும், கழற்றியதும் கை கழுவியே ஆக வேண்டும். கழுவாமல் விட்டு, தளர்ந்த உடம்பில் தொற்று ஏறினால் காய்ச்சல்கூட வராமல் போகலாம். பாட்டி திடீரென்று சாப்பிட மறுப்பார், பிதற்றுவார், தூங்கி வழிவார். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். மலையிறங்கிப் போளூர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நிலைமை கைமீறியிருக்கும்.

ஒற்றை ஆளாகக் கை கழுவுவதற்குத் தீர்வு மலிவானது. 1980-களில் ஜிம்பாப்வேயில் உருவான முறை அது. ஐந்து லிட்டர் கேன் ஒன்றின் மேல்பக்கம் ஆணியால் துளை போட்டு, இரண்டு கவைக்கம்புகளுக்கு நடுவே குறுக்குக் குச்சியில் தொங்கவிடுகிறார்கள். கேனின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனை தரையில் கிடக்கும் குச்சியில். காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் மெல்லிய கம்பியாக விழும். பக்கத்தில் கயிற்றில் தொங்கும் சோப்பு. கை எதையும் தொடுவதில்லை. கோடையில் ஊற்று சுருங்கும் நாளிலும் கொஞ்சம் தண்ணீர் போதும்.

வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்பவர்கள் இருக்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். அதுவரை பாட்டி காத்திருக்க முடியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் போகின்றன. மலை ஏறும் பணியாளர்களே, தன்னார்வலர்களே, படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேனையும் கயிற்றையும் சோப்பையும் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.