ஆளுநர் நினைத்தால் கலவரம் நிற்குமா?

ரஷ்யாவின் ஜார் ஆட்சியில் மாகாண ஆளுநர் என்றால் குட்டி ராஜா என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் உள்துறை அமைச்சர் வைத்தால் குடுமி, எடுத்தால் மொட்டை. ஊரில் இருக்கும் படை ராணுவத் தளபதியின் பொறுப்பு. அரசியல் போலீசுக்கு உத்தரவு வருவது பீட்டர்ஸ்பர்கிலிருந்து. இப்படிக் கை கட்டப்பட்ட ஒருவரால் கலவரத்தைத் தடுக்க முடியுமா? முடியும் என்பதே என் கட்சி. பெசராபியா மாகாணத்துக்கு 1903-ல் ஆளுநராகப் போன இளவரசர் செர்கேய் உருசோவின் கதை அதற்குச் சாட்சி.

அவர் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஈஸ்டர் பண்டிகையின்போது, மாகாணத் தலைநகர் கிஷினேவில் யூதர்கள் 49 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். உள்ளூர் நாளேடான ‘பெசராபெட்ஸ்’ மாதக்கணக்கில் அவர்கள்மீது வெறுப்பை ஊட்டிவந்தது. பண்டிகை நாட்களில் யூதர்களை அடிக்க ஜாரே அனுமதித்துவிட்டார் என்ற வதந்தி தெருவெல்லாம் பரவியது. அப்போதைய ஆளுநர் ஃபான் ராபென் தயங்கித் தயங்கி நேரத்தைக் கடத்தினார். படை இறங்கியது இரண்டாம் நாள் மாலையில்தான். இறங்கியதும் வெறியாட்டம் அடங்கியது. முதல் நாளே அடக்கியிருக்கலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? கலவரக்காரர்களைக் கடுமையாக அடக்க வேண்டாம் என்று கலவரத்துக்கு முன்பு உள்துறை அமைச்சர் பிளேவே எழுதியதாக லண்டன் ‘டைம்ஸ்’ வெளியிட்ட கடிதம் போலி என்பதே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. அப்படி ஒரு ஆணை தேவைப்படவும் இல்லை. மேலிடம் கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது. உருசோவ் உடைத்தது அந்த நம்பிக்கையைத்தான். இனி பொறுக்க மாட்டேன் என்பதைப் போலீசும் ஊரும் உணரும்படி நடந்துகொண்டார். 1904 ஈஸ்டர் கிஷினேவில் அமைதியாகக் கழிந்தது.

உலகமே கிஷினேவைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால்தான் அமைதி, ஆளுநருக்கு அதில் என்ன பெருமை என்று கேட்கலாம். ஆனால் உலகத்தின் கண் அதே 1903-ன் இலையுதிர் காலத்தில் கோமெல் நகரைக் கலவரத்திலிருந்து காப்பாற்றவில்லையே! உருசோவ் செய்ததாகச் சொல்லப்படுபவையெல்லாம் அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியவை, தம் பெருமையைப் பாடாமல் இருப்பாரா என்பது இன்னொரு கேள்வி. நியாயமான சந்தேகம்தான். ஆனால் அமைதியாகக் கழிந்த அந்த ஈஸ்டர் அவர் புத்தகத்தை நம்பி நிற்கவில்லை. அவர் மாற்றலாகிப் போன பிறகு, 1905 அக்டோபரில், அதே ஊரில் மறுபடி கலவரம் வெடித்து 19 யூதர்கள் உயிரிழந்தார்கள். அந்த மாதம் நூற்றுக்கணக்கான ஊர்கள் பற்றி எரிந்தன. உருசோவ் இருந்திருந்தாலும் தடுத்திருப்பாரா என்பதை அடித்துச் சொல்ல முடியாது. என் வாதத்தின் பலவீனமான இடம் இது, மறைப்பதற்கில்லை. ஆனால் ஒன்று தெளிவு: நல்ல ஆளுநர் தந்த பாதுகாப்பு அவர் பதவியில் இருந்த வரைக்கும்தான்.

இதை உருசோவே உணர்ந்திருக்க வேண்டும். 1905 கடைசியில் உள்துறைத் துணை அமைச்சரானபோது, போலீஸ் துறைக்குள்ளேயே ஒரு ரகசிய அச்சுப்பொறி கலவரத்தைத் தூண்டும் துண்டறிக்கைகளை அடித்துத் தள்ளியது அவருக்குத் தெரியவந்தது. பதவியை விட்டார். 1906 ஜூனில் ரஷ்ய நாடாளுமன்றமான முதல் டூமாவில் எழுந்து, தாம் இருந்த துறையின் குட்டை ஊரறியப் போட்டு உடைத்தார். ஒரு மாதத்தில் டூமா கலைக்கப்பட்டது. அதை எதிர்த்து வைபோர்க் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக அவருக்கு மூன்று மாதச் சிறை. அதோடு தேர்தலில் நிற்கும் உரிமையும் பறிபோனது. துண்டறிக்கை அடித்த அதிகாரி கோமிசாரோவ் பிற்பாடு ஜெனரல் பதவிவரை உயர்ந்தார்.