வண்டி வாங்கியவர்களைக் கூட்டிய கம்பெனி

மார்க்கெட்டிங் என்றதும், "அது பி.பி.ஏ. படிக்கிறவங்க சமாச்சாரம், நமக்கு லேத்தும் மில்லிங்கும் போதும்" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அது சரியா? ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியின் கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1903-ல் தொடங்கியது ஹார்லி டேவிட்சன். 1969-ல் ஏ.எம்.எஃப். என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. உற்பத்தியைக் கூட்டினார்கள், தரம் போயிற்று. புது வண்டியிலேயே ஆயில் ஒழுகும்! (பழைய புல்லட் வைத்திருந்த பெரியவர்களைக் கேளுங்கள், இந்த வேதனை புரியும்.) அந்த நேரம் பார்த்து ஜப்பான்காரர்கள் மக்கர் பண்ணாத வண்டியைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1981-ல் அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து, பெரும்பாலும் கடன் வாங்கி, கம்பெனியைத் தாங்களே வாங்கினர்.

கடனில் இருப்பவன் விளம்பரத்துக்கு எவ்வளவுதான் கொட்டுவான்? 1983-ல் 'ஹார்லி ஓனர்ஸ் குரூப்', சுருக்கமாக 'ஹாக்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஹாக் என்றால் பன்றி! 1920-களில் இவர்களின் பந்தய வீரர்கள் பன்றிக்குட்டியோடு வலம் வந்ததால் வந்த பட்டப்பெயர் அது.

புது வண்டி வாங்கினால் ஒரு வருடம் உறுப்பினர் சந்தா இலவசம். ஊருக்கு ஊர் டீலர்தான் கிளையை நடத்துவார். லீவு நாளில் எல்லோரும் சேர்ந்து வண்டியில் கிளம்புவார்கள், பெரிய ராலிகளில் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். தனியாக வண்டி வைத்திருப்பவர் கோளாறு வந்தால் விற்றுவிடலாமா என்று யோசிப்பார். பத்துப் பேரோடு பழகியவருக்கோ, "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, இந்த போல்ட்டை டைட் பண்ணிப் பாருங்க" என்று சொல்ல ஆள் இருக்கிறது. அவர் வண்டியையும் விடமாட்டார், கூட்டாளிகளையும் விடமாட்டார். கடைக்கும் அடிக்கடி வருவார். ஜாக்கெட், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் விற்கும்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. கம்பெனி அதிகாரிகளும் தங்கள் வண்டியில் ராலிக்கு வந்தார்கள். நிறுவனர் ஒருவரின் பேரன் வில்லி ஜி. டேவிட்சன், டிசைன் பிரிவின் தலைவர், தாடியும் தோல் ஜாக்கெட்டுமாக அந்தக் கூட்டத்தில் நிற்பார். யார் வண்டியில் என்ன மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று நேரில் பார்ப்பார். எந்த ஃபாரத்தில் எழுதி வாங்கினாலும் இது கிடைக்காது.

கூட்டம் மட்டுமே கம்பெனியைக் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1983-ல் இறக்குமதியாகும் 700 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அரசு கூடுதல் வரி போட்டது பெரிய உதவி. 1984-ல் அலுமினிய சிலிண்டரோடு 'எவல்யூஷன்' என்ஜின் வந்தது. ஆயில் ஒழுகல் பெருமளவு அடங்கியது. அதே வருடம் டீலர் கடைகளில், "வாங்க, ஓட்டிப் பாருங்க" என்று மக்களைக் கூப்பிட்டார்கள். பழைய என்ஜினை வைத்துக்கொண்டு கூப்பிட்டிருந்தால், திட்டு வாங்கவே கூட்டம் கூட்டியது போல ஆகியிருக்கும்!

நம்மூரில் நடக்கும் 'இலவச சர்வீஸ் கேம்ப்'பும் இந்த ஜாதிதான். நாளைக்கு அப்ரண்டிஸாக அங்கே நிற்கப்போவது நாம். "மூணாவது கியர்ல ஒரு மாதிரி உறுமுது" என்று ஒருவர் சொன்னால், ஜாப் கார்டில் அதை அப்படியே எழுதவேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி அனுப்பினால் அவர் வந்ததே வீண்.

இதே ஹார்லி நம் நாட்டிலும் கடை விரித்தது, இங்கேயும் ஹாக் ராலிகள் நடந்தன. கூடியவர்களின் உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த விலைக்கு வாங்க எத்தனை பேரால் முடியும்? 2020-ல் ஹரியானாவில் இருந்த தொழிற்சாலையை மூடினார்கள். பிறகு ஹீரோ கம்பெனியோடு கைகோத்து, 2023-ல் 440 சி.சி. வண்டியோடு மறுபடி வந்தார்கள்.