பாஸ்வேர்டும் கல்லாப்பெட்டிச் சாவிதான்



கல்லாப்பெட்டிச் சாவியை நாம் யாரிடமும் எளிதில் கொடுப்பதில்லை. ஆனால் கடையின் பாஸ்வேர்டை மட்டும் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் ஓரத்திலேயே ஒட்டிவிடுகிறோம். கணக்கப்பிள்ளைக்கும், பில் போடும் பையனுக்கும், லாரி ஏற்றிவிடுபவருக்கும் அது ஒன்றேதான். ஒருவர் வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தப் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். நம் ஜி.எஸ்.டி. எண்ணில் தவறான பில் ஒன்று எழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் முதலாளியே.

பல கம்ப்யூட்டர்களை இணைத்து நடத்தும் பெரிய நிறுவனங்களில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. யாருக்கு எந்தக் கணக்கைத் திறக்க அனுமதி என்பது மையக் கம்ப்யூட்டரில் ஒரே பதிவேட்டில் இருக்கும். இதற்கு டைரக்டரி சர்வீஸ் என்று பெயர். 1993-ல் நோவெல் நிறுவனமும், 2000-ல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் வெளியிட்டவை இவ்வகையில் பெயர்பெற்றவை. ஒருவர் விலகினால் பதிவேட்டில் அவர் பெயரை முடக்கினால் போதும். மற்றவர்கள் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு கம்ப்யூட்டர் மட்டும் உள்ள மளிகைக் கடைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் இதே வசதி ஈ-வே பில் இணையதளத்தில் செலவில்லாமல் கிடைக்கிறது.

நெல்லை டவுனிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் வரிக்குரிய சரக்கு அனுப்பினால் ஈ-வே பில் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் பாஸ்வேர்டுடன் ஓ.டி.பி.யும் கட்டாயம். எல்லோரும் முதலாளியின் பெயரிலேயே நுழைந்தால், இரவு பத்து மணிக்கு லாரி புறப்படும்போதும் ஓ.டி.பி. கேட்டு அவருக்குத்தான் போன் வரும். செய்ய வேண்டியவை இவை:

1. அந்த இணையதளத்தில் யூசர் மேனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, பணியாளரைச் சப்-யூசராகச் சேர்க்கவும். அவருடைய பெயர், பதவி, செல்போன் எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். இனி அவருக்கான ஓ.டி.பி. அவர் போனுக்கே போகும்.

2. அவருடைய வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுக்கவும். பில் எழுப்புபவருக்குப் பில்லை நிராகரிக்கும் அதிகாரம் தேவையில்லை.

3. வேலையை விட்டு நின்ற அன்றே அவரை ஃப்ரீஸ் செய்துவிடவும். மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்தாலும் இதைச் செய்வதுதான் முறை.

4. முதன்மைப் பாஸ்வேர்டு முதலாளியிடமே இருக்கட்டும். கடைப் பெயர், வண்டி எண் போன்ற எளிதில் ஊகிக்கக் கூடியவை வேண்டாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அவசரத்தில் வேறொருவருடைய செல்போன் எண்ணையும் ஈமெயிலையும் கொடுத்துப் பதிவு செய்தவர்கள் உண்டு. அப்படியிருந்தால் சாவி இன்றும் அவர் கையில்தான். உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் ஒத்துழைக்காவிட்டால், உங்கள் பகுதி வரி அதிகாரியிடம் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்கலாம்.

இரவு கடையைப் பூட்டியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம். இந்தப் பூட்டையும் அவ்வாறே இழுத்துப் பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.