டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் தங்கும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: ஆபத்து எங்கே, தடுப்பது எப்படி?

பெங்களூரு: சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் இயந்திரமே உயிர்நாடி. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் அதனுடன் இணைந்திருப்பது அவர்களின் வாழ்க்கை முறையாகவே மாறிவிடுகிறது. அதே சிகிச்சை, ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் உடலுக்குள் நுழைவதற்கான வாசலாகவும் அமைந்துவிடுகிறது.

பெங்களூருவில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் நெஃப்ரோ யூராலஜி நிறுவனம் முதல் தனியார் மையங்கள் வரை நாள்தோறும் ஏராளமானோர் டயாலிசிஸ் செய்துகொள்கின்றனர். ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளைச் சேர்ந்த தமிழர்கள் பலரும் சிகிச்சைக்காக இந்த நகரையே நாடுகின்றனர். நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்தை அடைவதாகவும், இதனால் ஆண்டுக்குக் கூடுதலாக 3.4 கோடி முறை டயாலிசிஸ் தேவைப்படுவதாகவும் மத்திய அரசு மதிப்பிட்டுள்ளது. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் அறிவிக்கப்பட்டதற்கு இந்தத் தேவையே காரணம். மையங்கள் பெருகும்போது, அங்கு தொற்றைத் தடுக்கும் பொறுப்பும் பெருகுகிறது.

பாக்டீரியா இருந்தாலே நோயா?

இல்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை உடலில் சுமப்பது வேறு, அதனால் நோய்த்தொற்று ஏற்படுவது வேறு. மெத்திசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது எம்ஆர்எஸ்ஏ, மூக்கிலும் தோலிலும் தங்கும். வான்கோமைசினுக்குக் கட்டுப்படாத என்டரோகாக்கஸ் குடலில் தங்கும். கார்பபெனம் வகை மருந்துகளையும் எதிர்த்து நிற்கும் கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவையும் குடலில் பல மாதங்கள் ஓசையின்றி இருக்கக்கூடும். காய்ச்சலோ வலியோ இருக்காது. ஆனால் இவை ரத்தத்தில் கலந்துவிட்டால் நிலைமை தலைகீழாக மாறிவிடும். வழக்கமான மருந்துகள் பலன் தராமல் போவதுடன், சரியான மருந்தைக் கண்டறிவதற்குள் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

முதல் காரணம், ரத்தக் குழாய்க்குள் நேரடியாகச் செல்லும் வழி. கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கப்படும் ஃபிஸ்டுலா, 1966 முதல் உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. அதுவே மிகவும் பாதுகாப்பானது. ஆனால் அது ஊசி குத்தும் அளவுக்கு வலுப்பெறச் சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த பிறகே மருத்துவமனைக்கு வருவோருக்கு அந்த அவகாசம் இருப்பதில்லை. எனவே கழுத்து வழியாகப் பெரிய சிரையில் கதீட்டர் குழாய் பொருத்தப்படுகிறது. அதன் ஒரு முனை உடலுக்கு வெளியே இருப்பதால், தோலில் உள்ள பாக்டீரியா குழாய் வழியே உள்ளே இறங்க முடியும். குழாயின் உட்சுவரில் அவை வழவழப்பான படலமாகப் படிந்துவிட்டால் மருந்து எளிதில் ஊடுருவாது.

இரண்டாவது, எதிர்ப்பாற்றல் குறைவு. ரத்தத்தில் கழிவுகள் தேங்குவதால் வெள்ளை அணுக்களின் திறன் குறைகிறது. பலருக்கு நீரிழிவும் உடன் இருக்கிறது.

மூன்றாவது, அடிக்கடி கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக். ஒவ்வொரு காய்ச்சலின்போதும் தொற்றாக இருக்குமோ என்ற அச்சத்தில் வீரியமிக்க மருந்து தொடங்கப்படுகிறது. டயாலிசிஸ் நாளிலேயே செலுத்திவிடலாம் என்பதால் வான்கோமைசின் அதிகம் பயன்படுத்தப்படுகிறது. மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் அழிய, அடங்காதவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன.

நான்காவது, இடம். ஒரே கூடத்தில் அடுத்தடுத்த படுக்கைகள், ஒரே செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்கும் நிலை, பலரின் கை படும் இயந்திரப் பொத்தான்கள், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஆகியவை கிருமி இடம்பெயர வழிவகுக்கின்றன. மேலும், டயாலிசிஸ் மையம், மருத்துவமனை, வீடு என நோயாளி மாறி மாறிச் செல்வதால், பாக்டீரியாவும் அவருடன் பயணிக்கிறது.

எண்கள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத் தொற்று ஏற்படும் வாய்ப்பு, டயாலிசிஸ் செய்துகொள்ளாத பெரியவர்களைவிட 100 மடங்கு அதிகம். அதே அறிக்கை நம்பிக்கையும் தருகிறது. கைச் சுத்தம், கதீட்டர் பராமரிப்பு, ஃபிஸ்டுலாவுக்கு முன்னுரிமை போன்ற நடவடிக்கைகளுக்குப் பிறகு, 2014 முதல் 2019 வரை அந்நாட்டு டயாலிசிஸ் நோயாளிகளிடையே ரத்தத் தொற்று 40 சதவீதம் குறைந்தது.

வான்கோமைசினுக்கு முழுமையாகக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அமெரிக்காவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதும் ஒரு டயாலிசிஸ் நோயாளியிடமே. 2002 ஜூன் மாதம், மிச்சிகன் மாநிலத்தில் நீரிழிவும் ஆறாத கால் புண்ணும் கொண்ட ஒருவரின் கதீட்டர் வெளிவரும் இடத்தில் அது காணப்பட்டது. அவர் உடலில் ஏற்கெனவே இருந்த என்டரோகாக்கஸ் பாக்டீரியாவிடமிருந்து எதிர்ப்பு மரபணு தாவியதே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. அமைதியாகத் தங்கியிருக்கும் ஒரு கிருமி, மற்றொரு கிருமிக்கு ஆயுதம் வழங்கக்கூடும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. எனினும், வேறு மருந்துகளால் அவர் குணமடைந்தார். அவருடன் தொடர்பில் இருந்த நூற்றுக்கணக்கானோரைப் பரிசோதித்ததில் யாருக்கும் அது பரவவில்லை.

இந்தியாவின் நிலை

2010-ல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வு, கார்பபெனம் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 மரபணு கொண்ட பாக்டீரியாக்களைச் சென்னையில் 44 மாதிரிகளிலும், ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் கண்டறிந்தது. பெங்களூரு உள்ளிட்ட பிற நகரங்களின் மாதிரிகளிலும் அவை இருந்தன. 2019-ல் இந்தியாவில் சுமார் 3 லட்சம் பேரின் மரணத்துக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நேரடிக் காரணமாக இருந்தது என சர்வதேச ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இதைக் கட்டுப்படுத்த, முக்கிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதிக்கும் ‘ஹெச்1’ அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. 2017-ல் தேசிய செயல்திட்டம் வெளியானது. கால்நடை, கோழி வளர்ப்பில் கோலிஸ்டின் பயன்பாடு 2019-ல் தடை செய்யப்பட்டது. கர்நாடக அரசு மருத்துவமனைகளில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டயாலைசர் முறை அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. வடிகட்டியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தும்போது நேரும் தொற்று அபாயத்தை இது தவிர்க்கும். பெங்களூருவைச் சேர்ந்த பக்வொர்க்ஸ் நிறுவனம் புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்றை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டுள்ளது. ஆனால் புதிய மருந்து சந்தைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இருக்கும் மருந்துகளைக் காப்பதே வழி.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தவுடனேயே ஃபிஸ்டுலா அமைப்பது குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும். அதற்கான கையில் ரத்தம் எடுப்பதையும் ஊசி போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

* கதீட்டர் உள்ளவர்கள் அந்த இடம் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயை இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் நோயாளி, செவிலியர் இருவரும் முகக்கவசம் அணிவது அவசியம்.

* டயாலிசிஸின்போது குளிர் நடுக்கம், காய்ச்சல், கதீட்டர் பகுதியில் சிவப்பு, வலி, சீழ் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப்பட்டதா எனக் கேட்கலாம்.

* பழைய மருந்துச் சீட்டைக் காட்டியோ, கடைக்காரரின் பரிந்துரைப்படியோ ஆன்டிபயாட்டிக் வாங்கக் கூடாது.

* செவிலியர் கைகளைச் சுத்தம் செய்தாரா, கையுறை மாற்றினாரா எனக் கேட்பது நோயாளியின் உரிமை. அதில் தயக்கம் தேவையில்லை.

ஒதுக்குதல் தீர்வல்ல

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உள்ளவர் எனத் தெரிந்தால், அவருக்கு டயாலிசிஸ் மறுப்பது தீர்வாகாது. சில நாள்கள் சிகிச்சை தவறினாலே நுரையீரலில் நீர் கோத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தும் அவர் உயிரிழக்க நேரிடும். ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்குத் தனி இயந்திரம் ஒதுக்கப்படுவதுபோல் எம்ஆர்எஸ்ஏ உள்ளவருக்குத் தேவையில்லை. கூடத்தின் ஓரத்துப் படுக்கை, செவிலியருக்குத் தனி மேலங்கி, ஒவ்வொரு முறைக்குப் பிறகும் படுக்கையையும் இயந்திரத்தையும் கிருமிநாசினியால் துடைத்தல் ஆகியவற்றால் பரவலைப் பெருமளவு தடுக்க முடியும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போருக்கு இது இன்னும் முக்கியம். அறுவை சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை அவர்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அப்போது, டயாலிசிஸ் காலத்தில் உடலில் குடியேறிய பாக்டீரியாவே அவர்களுக்குப் பெரும் சவாலாக மாறக்கூடும்.