உப்பளக் கரையில் குழந்தைகள்: எதற்கு அஞ்ச வேண்டும்?

ஊரும் பருவமும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் கடல், உப்பளம், பக்கிங்காம் கால்வாய், கழுவெளி ஏரி, கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. தை, மாசியில் தொடங்கும் உப்புப் பருவத்தில் வெயில் ஏற ஏற விளைச்சல் கூடும். வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. பெற்றோர் இருவரும் விடிவதற்குள் அளத்துக்குப் போய்விடும் வீடுகளில், பிள்ளைகள் கூடவே போய் வரப்பில் விளையாடுவார்கள். இல்லையேல் பார்த்துக்கொள்ள ஆளின்றி ஊரில் திரிவார்கள்.

தண்ணீர்

பாத்தியில் நீர் கணுக்கால் அளவுகூட இராது. ஆபத்து, பாத்திக்கு நீர் இறைக்கும் குழியிலும் கால்வாயிலும் இருக்கிறது. கரை வழுக்கும் களிமண். அடியில் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் வரப்பு எது, குழி எது என்றே தெரியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே திணறும்போது குரல் எழும்பாது. சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். 2021-இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை.

வெளியே தூக்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்ப்பதும் இன்றும் நடக்கின்றன. இரண்டும் தவறு. பொன்னான நேரம் போவதோடு, வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் ஏறிவிடும். மூச்சு நின்றிருந்தால் உடனே வாயில் வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறித் தொடர வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண் விழித்த குழந்தையையும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

வெயிலும் பாம்பும்

வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஒதுங்க நிழல் இராது. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் விரைவில் சூடேறும். பிதற்றல், வலிப்பு, மயக்கம் கண்டால் நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாத குழந்தைக்கு வாயில் எதுவும் புகட்டக் கூடாது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அஞ்சுவதும் பொறுத்துக்கொள்வதும்

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் அருகே அத்திமூரில் ஒரு மூதாட்டியும், பழவேற்காட்டில் ஒருவரும் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டனர். இருவரும் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். இல்லாத கும்பலுக்கு எதிராக ஊரே திரண்டது. ஆனால் ஒரு பிள்ளை குழியில் விழுந்து இறந்தால், ‘தண்ணீரில் கண்டம்’ என்று சாதகத்தின் மேல் பழி போட்டுவிட்டு, அந்தக் குழியை வேலியில்லாமல் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. இது விதியல்ல, அலட்சியம்.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்கவும் கூடாது. ஓட்டமும் மரமேறுதலும் உடலுக்கு வேண்டியவை. முழங்கால் சிராய்ப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

செய்யக்கூடியவை

வங்கதேசக் கிராமங்களில் பெற்றோர் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகங்கள் உள்ளன. பெரிய பிள்ளைகளுக்குக் குளத்துக்குள் மூங்கில் மேடை கட்டி நீச்சல் கற்றுத் தருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இவற்றையே. மரக்காணத்திலும் அளத்துக்காரர்கள் குழிகளைச் சுற்றி வேலி போடட்டும். உப்பு வாரும் மே மாதம் முழுவதும், விடியற்காலையிலிருந்தே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடத்தை அரசு ஏற்பாடு செய்யட்டும்.